சுவருக்குள் இருக்கும் மிட்ஜ்லியின் வாயு: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

பூமியின் காற்றை ஒரே ஆள் இரண்டு முறை கெடுக்க முடியுமா? அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி விஷயத்தில் அதுதான் நடந்தது.

1889-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பேர் வாங்கியது வேதியியலில். 1921-ல், இன்ஜின் 'நாக்கிங்'கை நிறுத்த பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஈயம் விஷம்னு அவருக்குத் தெரியாமல் இல்லை. 1923-ல் அவரே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு, ஓய்வெடுக்கப் போனார். அதனால் இதில் அவருக்காகப் பேசுவது கஷ்டம்.

அடுத்த கண்டுபிடிப்பு வேற மாதிரி. அன்றைய ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு மாதிரி வாயுக்கள் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்றுத் தேடிய மிட்ஜ்லி குழு, சிஎஃப்சி வாயுக்களைக் கொண்டுவந்தது. 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அவர் அந்த வாயுவை மூச்சாக இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்தார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று காட்டத்தான் அது. ஓசோன் பற்றி அப்போது யாருமே யோசிக்கவில்லை.

1940-ல் போலியோ தாக்கியது. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்து அவரே ஒரு கருவி செய்தார். 1944-ல் அந்தக் கயிறு கழுத்தை இறுக்கி இறந்தார். வயது 55.

கட்டடக் கதை அதற்குப் பிறகுதான். அதே குடும்பத்து சிஎஃப்சி-11, பாலியூரித்தேன் ஃபோமை உப்ப வைக்கப் பயன்பட்டது. ஃபோமில் வெப்பத்தைத் தடுப்பது பிளாஸ்டிக்கைவிட, குட்டிக் குட்டிக் குமிழ்களில் அடைபட்ட வாயுதான். சிஎஃப்சி-11 வெப்பத்தைக் கடத்துவது காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. சுவரிலும் கூரையிலும் இதை வைத்தால் ஹீட்டர், ஏசி செலவு குறையும். கார்பன் உமிழ்வும் குறையும்.

சிக்கல் என்னன்னா, 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ சிஎஃப்சி-11 பூமியைச் சூடாக்குவது 4,000 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுவர் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைக் கசியும் வாயுவே தின்றுவிடும். ஓசோன் சேதம் தனி.

1974-ல் மோலினா, ரோலண்ட் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. வளரும் நாடுகளுக்கும் 2010-ல் தடை. இன்று சைக்ளோபென்டேன், எச்எஃப்ஓ போன்றவை வந்துவிட்டன. இவற்றால் ஓசோனுக்குக் கிட்டத்தட்ட பாதிப்பில்லை, பூமி சூடாவதும் மிகக் குறைவு. ஆனாலும் 2018-ல், சிஎஃப்சி-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு, கிழக்குச் சீனாவிலிருந்து அது பெருமளவு வருவதை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். ஃபோம் தயாரிப்பு மீதுதான் சந்தேகம் விழுந்தது.

பழைய கட்டடங்களின் ஃபோமில் அந்த வாயு இன்னும் இருக்கிறது. சும்மா இருந்தால் மெல்லக் கசியும். கட்டடத்தை இடித்து ஃபோமை நொறுக்கினால் மொத்தமாக வெளியேறத் தொடங்கும்.