அகப்போரில் வென்ற பக்த் சிங்

நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போர் மனித உள்ளத்தில் நிகழ்வது என்கிறது கிறிஸ்தவ நெறி. ஹைதராபாத்தில் வாழ்ந்து மறைந்த பக்த் சிங்கின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1903-இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், மாணவப் பருவத்தில் தமக்குக் கிடைத்த பைபிளின் அழகிய அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, ஏடுகளைக் கிழித்தெறிந்தார். பொறியியல் கற்க இங்கிலாந்து சென்றபோது புகைக்கும் மதுவுக்கும் ஆட்பட்டார். 1929-இல் கனடாவில் அதே வேதநூலைப் படிக்கையில் தம்முள் உறைந்த தீமையைக் கண்டு உள்ளம் உடைந்தார், கிறிஸ்துவைச் சரணடைந்தார்.

1933-இல் தாயகம் திரும்பியபோது, புதிய நம்பிக்கையை வெளியே சொல்லாதிருந்தால் வீட்டிற்கு வரலாம் என்றனர் பெற்றோர். அவர் இசையவில்லை, வீட்டைத் துறந்து ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1950-இல் ஹைதராபாத்தில் எபிரோன் நிலையத்தை நிறுவினார். முழந்தாளிட்டுச் செய்யும் பிரார்த்தனையே அவரது ஆயுதம். 2000 செப்டம்பர் 17 அன்று அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

தம் குற்றத்தைத் தாமே காண்பவருக்கு வெற்றியின் வாயில் திறக்கும் என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.