காவிரித் தீவும் காப்டன் டிரைப்பும்

ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலை பயின்றார். திரும்பி வந்ததும் 1854இல் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு பர்மாவின் அமரபுர அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு பயணம் செய்து, இருநூறுக்கும் மேற்பட்ட எதிர்ப்படிகளோடு மீண்டார். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது.

1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பயணம் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் கொண்டு வந்தது. அந்நாளில் திருவரங்கத்துத் தெற்கு இராயகோபுரம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது; அது பதின்மூன்று நிலைகளோடு நிறைவெய்தியது 1987இல்தான்.

டிரைப் பெரிதும் கையாண்டது மெழுகூட்டிய தாள் எதிர்ப்படி. வெப்ப நாட்டில் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள ஏற்றது அது. ஆனால் நீல ஒளியை மட்டுமே அது நன்கு உணரும். நீல வானம் அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும், பசுமையோ கருமையாகிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, அப்புத்தலமான திருவானைக்காவையும் திருவரங்கத்தையும் தாங்கிநிற்கும் அத்தீவில் பசுமைக்குக் குறைவேது? வண்ணம் காணாத தாளில் அந்நிலத்தின் பொழுதை எவ்வாறு நிறுத்துவது?

டிரைப் தூரிகையை நாடினார். எதிர்ப்படியின் பின்புறம் வண்ணம் பூசி ஒளியை மறித்தார். பூசிய இடம் அச்சில் வெளுத்தது. வெற்று வானில் மேகம் திரண்டது. இருண்ட மரக்கிளையில் இலைகள் தெரிந்தன. அம்மேகங்கள் அன்றைய வானில் இருந்தவை அல்ல. ஆவணம் படைக்க வந்த அலுவலர் செய்யத்தகுந்த செயலா அது எனக் கேட்கலாம். எனினும் அதே டிரைப்தான், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு வரிசை குலையாமல் இணைத்தவர். எழுத்தில் கை வைக்காதவர் வானத்தில் கை வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட மரபினர்க்கு இதன் நியாயம் விளங்கும். கோபுரம் தாளில் பதிந்துவிட்டது. பதியாமல் போன பொழுதையே அவர் தூரிகையால் மீட்டார்.

1858இல் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைப் படங்கள் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதினார். 1860இல் பணி மூடப்பட்டது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அத்தகைய பெருமுயற்சி எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. 1902இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெருங்காட்சியகங்கள் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தன. வீண்செலவெனத் தள்ளப்பட்ட தாள்களே இன்று 1858ஆம் ஆண்டின் தமிழ்நிலத்தைக் கண்முன் நிறுத்துகின்றன.