புல்லைப் பகுத்துப் பார்த்த பாரன்

மெல்பர்னுக்கு வரும் உறவினர்களை நாம் தவறாமல் அழைத்துப் போகும் இடம், யாரா நதியோரத்துத் தாவரவியல் பூங்கா. குளமும் புல்தரையும் மர நிழலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பூங்காவுக்காக உழைத்து, அது அழகாக இல்லை என்ற புகாரால் அதை இழந்தவர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர்.

1825இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் பிறந்தார். பெற்றோரை இளமையிலேயே இழந்தார். மருந்தாளர் தொழில் பயின்று, கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1847 டிசம்பரில் இரண்டு சகோதரிகளுடன் அடிலெய்டில் வந்து இறங்கினார். 1853இல் விக்டோரியா அரசின் தாவரவியலாளர் ஆனார்; 1857இல் பூங்காவின் இயக்குநர்.

அந்நாளைய விக்டோரியா ஆட்டு ரோமத்தை நம்பிப் பிழைத்த காலனி. ஆடுகள் மேய்ந்தவற்றில் முக்கியமானது கங்காரு புல். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும்கூட வளரும் இந்தப் புல், கோடையில் தழைப்பது. முல்லர் அதை வெறும் காட்டுப்புல் என்று ஒதுக்கவில்லை. வேதியியலாளர் லுட்விக் ரம்மலுடன் சேர்ந்து உள்ளூர்ப் புற்களைச் சோதனைச்சாலையில் பகுத்து, அல்புமின், குளூட்டன், மாவுச்சத்து, பிசின், சர்க்கரை ஆகியவை நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார். இளந்தளிரில் நல்ல ஊட்டம் உண்டு. முற்றினால் புரதம் குறைந்துவிடும் என்பது இன்று எல்லோரும் அறிந்தது.

அதே மனிதர் வெளிநாட்டுச் செடிகளையும் இரு கை நீட்டி வரவேற்றார். பயன்தரும் தாவரங்களைப் பற்றி 1876இல் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. நம் அறுகம்புல்லுக்கும் அதில் இடம் உண்டு. மலையோடைகளின் கரையில் பிளாக்பெர்ரி பரவட்டும் என்று பரிந்துரைத்தவரும் அவர்தான். இன்று அது ஆஸ்திரேலியாவின் பெருங்களைகளில் ஒன்று. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1871இல் வூர்ட்டம்பெர்க் மன்னர் அவருக்குப் பாரன் பட்டம் அளித்தார். ஆனால் மெல்பர்ன் மக்கள் கேட்டதோ பூப்பாத்திகளும் நீரூற்றுகளும். அவருக்கோ அது ஆய்வுக்கூடம். 1873இல் பூங்கா அவர் கையை விட்டுப் போனது. பின்னர் வில்லியம் கில்ஃபாய்ல் மாற்றியமைத்த பூங்காவில்தான் நாம் இன்று படம் எடுத்துக்கொள்கிறோம். அரசுத் தாவரவியலாளர் பதவி மட்டும் முல்லரிடம் எஞ்சியது. திருமணம் செய்துகொள்ளாமல், உலகெங்கும் கடிதம் எழுதியபடி உழைத்து, 1896 அக்டோபர் 10 அன்று மறைந்தார்.

ஓய்வில்லாத மேய்ச்சலாலும் உழவாலும் கங்காரு புல்வெளிகள் பெரும்பாலும் அழிந்தன. இப்போது அவற்றை மீட்க விதை சேகரிக்கிறார்கள், அளவாகத் தீயும் வைக்கிறார்கள். பூங்காவை ஒட்டியுள்ள உலர்தாவரக் காப்பகத்தில் சுமார் 15 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. அதற்கு அடித்தளம் போட்டவர் முல்லர். அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது, அந்தக் கட்டடத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.