ரோசாப்பூ துரையின் மறக்கப்பட்ட பாதி

ஒவ்வோராண்டும் மார்ச் 5 அன்று மதுரை யானைக்கல்லில் உள்ள ஒரு சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் மக்கள் அம்மனிதரை 'ரோசாப்பூ துரை' என்று நன்றியோடு நினைவுகூர்கின்றனர். அவர் வழக்குரைஞர் ஜார்ஜ் ஜோசப். அவர் வாழ்வில் எந்தப் பாதி இம்மண்ணில் நினைவாகத் தங்கியது, எந்தப் பாதி மறக்கப்பட்டது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் செங்கன்னூரில், வசதி படைத்த சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் 1887 ஜூன் 5 அன்று ஜோசப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் பயின்று, லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் கற்று, 1909இல் நாடு திரும்பினார். சிறிது காலம் சென்னையில் தொழில் செய்தபின் மதுரையில் குடியேறினார். பாரிஸ்டர் பட்டம் அன்று செல்வத்துக்கும் அரசுப் பதவிக்கும் நேர்வழியாக இருந்தது. அவரோ 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கத் துணை நின்றார். அதே ஆண்டில் வரதராஜுலு நாயுடு மீதான வழக்கில் இராஜாஜியுடன் சேர்ந்து வாதாடினார்.

அக்காலத்தில் உசிலம்பட்டியின் ஊர்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடியில் இருந்தன. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கே இடமின்றி, பிறப்பை வைத்து மனிதர்களைப் பதிவேட்டில் ஏற்றியது அச்சட்டம். ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என அறிவிக்கும் ஆணையை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாதபடி அச்சட்டமே தடை விதித்திருந்தது. ஆகவே சட்டம் கற்றவர் நீதிமன்றத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. ஜோசப் கள்ளர், மறவர் மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், இதழ்களிலும் எழுதினார். ஜோசப் என்ற பெயர் மக்கள் நாவில் ரோசாப்பூ ஆயிற்று.

ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் நல்ல வருவாய் தந்த தொழிலைக் கைவிட்டார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' நாளிதழின் ஆசிரியராக இருந்தபோது 1921 இறுதியில் கைதானார். லக்னோ சிறையில் ஜவஹர்லால் நேருவோடு இருந்தார். விடுதலைக்குப் பின் 1923இல் காந்தியின் 'யங் இந்தியா' இதழைக் கவனித்துக்கொண்டார்.

1924 மார்ச் 30 அன்று வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து எழுந்த அப்போராட்டத்தில் ஜோசப் முன்வரிசையில் நின்றார். தீண்டாமை இந்துக்களின் சிக்கல், அதனை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று காந்தி அவருக்கு அறிவுறுத்தினார். பொதுத் தெருவில் நடக்கும் உரிமையை ஒரு மதத்தின் உள்விவகாரமாகச் சுருக்கிய அந்த அறிவுரைக்குப் பின்னும் அவர் களத்தில் இருந்தார். ஏப்ரலில் சிறை புகுந்தார். தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதான நிலையில் பெரியாரை வைக்கத்துக்கு அழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

பின்னர் மதுரை திரும்பி மீண்டும் வழக்குரைஞர் தொழிலைத் தொடர்ந்தார். 1937இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் 5 அன்று, தம் 50ஆம் வயதில் மதுரையில் காலமானார். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது 1947இல்தான். அதை அவர் காணவில்லை.

உசிலம்பட்டி நினைவில் வைத்திருப்பது கைரேகைக்கு எதிராக நின்ற ஜோசப்பை. வைக்கத்தில் சிறை சென்ற ஜோசப் இங்கே பேசப்படுவதில்லை. அந்த மறதிக்கு ஒரு விலை உண்டு. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடாமல் சாதி ஆதிக்கம் தடுத்தது. ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வேட்புமனு முடங்கியது. வென்றவர்களும் பதவி விலக வைக்கப்பட்டனர். 2006 அக்டோபரில்தான் அந்த நிலை மாறியது. பிறப்பை வைத்து மனிதரை இழிவுபடுத்திய சட்டத்தால் துன்புற்றவர்களின் ஊர்களிலேயே, பிறப்பைக் காட்டி அண்டை வீட்டாரின் உரிமை மறுக்கப்பட்டது.

இதைச் சொல்வதால் பெருங்காமநல்லூரின் தியாகம் சிறுத்துவிடாது. இரண்டு அநீதிகளுக்கும் வேர் ஒன்று என்பதை ஜோசப் தம் வாழ்வால் காட்டினார்; அதையே நாம் சொல்கிறோம். தாம் பிறக்காத சாதிகளுக்காக அவர் இருமுறை நின்றார். சட்டமும் மருத்துவமும் இதழியலும் பயிலும் நம் மாணவர்கள் அந்த இரு களங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். யானைக்கல் சிலைக்கு மாலையிடும் கைகள் சேரித் தெருவின் உரிமைக்காகவும் உயரும் நாளில்தான் ரோசாப்பூ துரைக்குச் செலுத்தும் நன்றி நிறைவுபெறும்.