ரயில்வே அப்ரண்டிஸ் செய்த கார்

ரோல்ஸ்-ராய்ஸ் என்றதும் மகாராஜாக்களின் ஞாபகம்தான் நமக்கு வரும். சமஸ்தானாதிபதிகள் போட்டி போட்டுக்கொண்டு அந்தக் காரை வாங்கிய காலம் ஒன்று உண்டு. ஆனால் அதை உருவாக்கிய ஹென்றி ராய்ஸ் சின்ன வயதிலேயே பசியை அறிந்தவர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பணம் கட்ட வழியின்றிப் பாதியில் வெளியேறியவர்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே ஆல்வால்டன் கிராமத்தில் 1863 மார்ச் 27-ல் அவர் பிறந்தார். தந்தை மாவு மில் நடத்தி நொடித்துப்போனார். பிழைப்புத் தேடி லண்டன் போன இடத்தில், மகனுக்கு ஒன்பது வயதாகும்போது காலமானார். ராய்ஸ் தெருவில் பத்திரிகை விற்றார். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிப் படிப்பு பெயரளவுக்குத்தான்.

1878-ல் அத்தை ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவரைச் சேர்த்துவிட்டார். மூன்றாண்டுகளில் அத்தையின் கையிருப்பு தீர்ந்தது. பயிற்சி முடித்த அத்தாட்சி இல்லாமலே ராய்ஸ் லீட்ஸ் நகருக்குப் போய், வாரம் 11 ஷில்லிங் கூலிக்கு வேலை பார்த்தார். பின்பு லண்டனில் ஒரு மின்விளக்குக் கம்பெனியில் சேர்ந்தார்; மாலை வகுப்புகளுக்கும் போனார்.

1884-ல் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு கூட்டுச் சேர்ந்து மான்செஸ்டரில் சிறு பட்டறை தொடங்கினார். மின்சார மணி, டைனமோ, பளு தூக்கும் கிரேன் எல்லாம் அங்கே தயாராயின.

அந்நாளைய ஐரோப்பியக் கார்கள் பணக்காரரின் விளையாட்டுப் பொருள்களாகவே இருந்தன. காது கிழியும் சத்தம், ஓயாத நடுக்கம்; நடுவழியில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ராய்ஸ் தம் உபயோகத்துக்காக டெகோவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதன் குறைகளை அவரால் பொறுக்க முடியவில்லை. பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். பிறகு தாமே கார் செய்யத் துணிந்தார். அவருடைய முதல் கார் 1904 ஏப்ரல் 1-ல் தெருவில் ஓடியது. புது யந்திரத் தத்துவம் எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. பிறர் செய்ததையே, ஒவ்வொரு உறுப்பும் கச்சிதமாகப் பொருந்தும்படி செய்தார். சத்தம் அடங்கியது, நடுக்கம் நின்றது.

அடுத்த மாதமே மான்செஸ்டரில், பிரபு குடும்பத்தைச் சேர்ந்த கார் வியாபாரி சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். ஒருவர் செய்வது, மற்றவர் விற்பது என்று ஏற்பாடாயிற்று. 1906-ல் இருவர் பெயராலும் கம்பெனி உருவானது. 1907-ல் அவர்களது ஆறு சிலிண்டர் கார், 'சில்வர் கோஸ்ட்', சோதனை ஓட்டத்தில் 15,000 மைல் ஓடிக் காட்டியது. கார் என்பது நம்பி ஏறக்கூடிய வாகனம் என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். ராய்ஸோ வேளைக்குச் சாப்பிட மறந்து உழைப்பவர். பால் தம்ளரோடு ஒரு பையன் அவர் பின்னால் சுற்றுவானாம். பல ஆண்டுகள் வயிற்றைக் காயப்போட்டதன் பலன் 1911-ல் தெரிந்தது. உடல்நலம் அடியோடு கெட்டது. அதன்பின் டெர்பி தொழிற்சாலையை விட்டு விலகி, பிரான்சின் தென்கரையிலும் இங்கிலாந்தின் கடலோரத்திலும் இருந்துகொண்டே வரைபடங்களைத் திருத்தி அனுப்பினார்.

முதல் உலகப் போரின்போது 'ஈகிள்' என்ற விமான எஞ்சினை உருவாக்கினார். 1919-ல் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் கடந்த விமானத்தில் இருந்தவை இந்த எஞ்சின்களே. 1930-ல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. அதற்குப் பிறகும் தம்மை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். 1933 ஏப்ரல் 22-ல் வெஸ்ட் விட்டரிங் கிராமத்தில் காலமானார். அவர் காலத்தில் தொடங்கிய 'மெர்லின்' எஞ்சின்தான் 1940-ல் பிரிட்டனைக் காத்த போர் விமானங்களை இயக்கியது.

1971-ல் கம்பெனி திவாலானது. பிற்பாடு கார்த் தொழில் தனியே பிரிந்து, ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. வசம் போயிற்று. 2003 முதல் அந்தக் கார்கள் தயாராகும் குட்வுட், ராய்ஸ் கடைசியாக வாழ்ந்த கிராமத்திலிருந்து சில மைல் தூரம்தான்.

அத்தாட்சி இல்லாதவரை உலகம் ஒப்புக்கொண்டது அவர் கைவேலையைப் பார்த்துத்தான். ஊரை விட்டு வந்து உழைக்கும் நாம் அந்தக் கச்சிதத்தை அவரிடம் கற்கலாம். பட்டினி கிடந்து உழைத்ததை மட்டும் அவரோடு விட்டுவிடுவோம்.