ஈ. கோலையில் அந்த ‘ஈ’ யார்?

நம்ம கல்லூரி நுண்ணுயிரியல் லேபில் ஒரு தரமாவது நின்றவர்களுக்கு ஈ. கோலையைத் தெரியாமல் இருக்காது. மெக்காங்கி தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், ஈ.எம்.பி. தட்டில் பச்சை உலோக மினுமினுப்பு. ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. கோலை என்பது பெருங்குடலைக் குறிக்கும் சொல் என்று மனப்பாடம் செய்தோம். முன்னால் நிற்கும் ‘ஈ’ ஒரு மனிதரின் பெயர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நண்பர்கள் பிடித்துக்கொண்டபோது, அந்தப் பழைய பாக்கியைத் தீர்க்கலாமே என்று தோன்றியது.

தியோடர் எஷரிக் 1857 நவம்பர் 29 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் அன்ஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர், மருத்துவப் புள்ளிவிவரங்களில் ஈடுபாடு உள்ளவர். ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். பையனின் குறும்பு தாங்காமல் பன்னிரண்டு வயதில் ஆஸ்திரியாவில் ஒரு ஏசு சபை விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். (நம் பேட்ச்சிலும் அப்படி வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பெயர் வேண்டாம்.) நாலைந்து பல்கலைக்கழகங்கள் மாறி மருத்துவம் படித்து, 1881இல் டாக்டரானார்.

அந்தக் காலத்துப் பவேரியாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முதல் பிறந்த நாளைப் பார்க்காது. தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் அங்கே பல இடங்களில் அற்றுப் போயிருந்தது. மாவுக் கஞ்சியும் மாட்டுப் பாலுமே பச்சைக் குழந்தைக்கு ஆகாரம். கோடை வந்ததும் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் கண் குழிந்து, தோல் வற்றி, குழந்தை கையைவிட்டுப் போய்விடும். குழந்தைக் காலரா என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்ததே தவிர, காரணம் தெரியாது.

1884 தொடக்கத்தில்தான் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் கண்டிருந்தார். அதே ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியபோது எஷரிக் அங்கே போய் ஆராய்ந்தார். கிருமி வேட்டை அவருக்கு அங்கேதான் பிடித்துப்போயிருக்க வேண்டும். மியூனிக்கின் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தபின், ஃப்ரோபேனியஸ் என்பவரிடம் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்.

எல்லோரும் நோயாளியிடம் கிருமியைத் தேடினார்கள். இவரோ நல்ல ஆரோக்கியமான குழந்தையின் துணியைத் தேடிப் போனார். குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் அந்தத் தெருவில் வழக்கமாக யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? பிறந்தவுடன் போகும் கரும்பச்சை மலத்தில் (பாட்டிமார் பாஷையில் காட்டுப்பீ) ஆரம்பத்தில் கிருமிகளே இல்லை, ஒரு நாளுக்குள் வெளியிலிருந்து வந்து குடியேறிவிடுகின்றன என்று கண்டார். பால் குடிக்கும் குழந்தைகளிடம் எப்போதும் தென்பட்ட ஒரு சிறு குச்சிக் கிருமிக்கு ‘பாக்டீரியம் கோலை கம்யூன்’ என்று பெயரிட்டார். 1885 ஜூலை 14 அன்று மியூனிக்கில் இதை அறிவித்தபோது அவருக்கு வயது 27. மறு ஆண்டு புத்தகமாகவே எழுதினார்.

1886இல் இன்னொன்றும் நடந்தது. குழந்தைக் காலராவில் இறந்த சிசுக்களின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்தார். வளர்த்துப் பார்த்தார், வளரவில்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வெளியிட்டார். ‘நோ க்ரோத்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு கேன்டீனுக்கு ஓடிய நாங்கள் இங்கே தலைகுனிய வேண்டியதுதான். அது இன்றைய காம்பைலோபேக்டர் ஆக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆக்சிஜன் குறைவாக இருந்தால்தான் அது வளரும். மலத்திலிருந்து அதை வளர்க்கும் வழி 1970களில்தான் பிடிபட்டது.

1890இல் கிராட்ஸ் நகருக்கு மாறினார். அங்கே இயற்பியல் பேராசிரியர் ஃபவுண்ட்லரின் மகள் மார்கரெத்தாவை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். தன் கோலைக் கிருமி சிறுமிகளின் சிறுநீர்ப்பையில் புகுந்தால் வில்லங்கம் செய்யும் என்பதை அங்கே அவரே காட்டினார். 1902இல் வியன்னாவின் புனித அன்னாள் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைவரானார். பெரிய பதவி, ஊரெல்லாம் பெயர். மகன் லியோ பத்து வயதில் குடல்வால் அழற்சியில் இறந்தான். குழந்தைகளின் குடலை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று ஐரோப்பாவில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். தன் பிள்ளையைக் காப்பாற்ற அந்த அறிவு போதவில்லை.

1903இல் வியன்னாவில் சிசுப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தாய்ப்பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்களையும் இதில் இழுத்துவிட்டார். கிருமி ஆராய்ச்சியில் பேர் வாங்கிய மனிதர் கடைசியில் பாலுக்காக அலைந்தது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். என் கணக்கில் அவருடைய பெரிய காரியம் அதுதான். வயிற்றுப்போக்குக்கு அன்று மருந்து ஏது? அழுக்குப் பாட்டிலைக் குழந்தையின் வாயிலிருந்து எடுப்பது ஒன்றுதான் கையில் இருந்த வழி. புதிய குழந்தைகள் மருத்துவமனைக்கான திட்டத்திலும் மும்முரமாக இருந்தபோது, 1911 பிப்ரவரி 15 அன்று பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது 53.

1919இல் அவருடைய கிருமிக்கு எஷரிக்கியா என்ற பெயர் வந்தது. 1945இல் லண்டன் டாக்டர் ஜான் பிரே, கோடை வயிற்றுப்போக்கு கண்ட சிசுக்களிடம் கோலையில் ஒரு குறிப்பிட்ட வகையே திரும்பத் திரும்பக் கிடைப்பதைக் கண்டார். 1956இல் நம் கல்கத்தாவின் சம்புநாத் டே, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் எடுத்த சில கோலை வகைகளை முயலின் குடலில் செலுத்தி, அவை காலராக் கிருமியைப் போலவே குடலுக்குள் நீரை இறைப்பதைக் காட்டினார். எஷரிக் தேடிய குற்றவாளிகளில் ஒருவன், அவர் முதலில் பார்த்துப் பெயர் வைத்த அந்தக் குடித்தனக்காரனின் சொந்தக்காரனே! மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே குச்சியாகத்தான் தெரியும். நம் லேபு தட்டில் அந்தப் பச்சை மினுமினுப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்.