ஆழிக்குமரன் ஆனந்தன்

உலகத்தார் போற்றும் வலிமை பலவகைப்படும். பெரும் பளுவைத் தூக்குவோனுடைய வலிமை ஒரு நொடியில் விளங்கிவிடும். நூறு மீட்டர் ஓடுவோனுடைய வேகம் பார்ப்போர் மூச்சு விடுமுன் முடிந்துபோம். இவற்றிற்கு வேறாய், எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத வலிமையொன்று உண்டு. அது நெடுநேரம் நிலைத்து நிற்கும் வலிமை. ஒரு மணி நேரம் பார்த்தாலும் அதன் அருமை தோன்றாது. ஓர் இரவும் ஒரு பகலும் கழிந்த பின்னரே இஃதன்றோ ஆண்மை என்று வியக்கத் தோன்றும். அவ்வலிமைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்து, அதன் பொருட்டே உயிரும் நீத்த தமிழர் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

நாம் வாழும் புதுவைக் கதிர்காமத்தின் பெயர் இலங்கையின் தென்கிழக்கிலுள்ள முருகன் தலத்தின் பெயரே என்பதை நேயர்கள் அறிவர். அவ்விலங்கைக் கதிர்காமத்திற்கு யாழ்ப்பாணத்தின் வடகரையிலிருந்து கால்நடையாகவே செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தொண்டைமானாற்றிலுள்ள செல்வச்சந்நிதி ஆலயத்தினின்று புறப்படும் அடியார்கள், கிழக்குக் கரையைப் பற்றிக்கொண்டு, ஊர்களையும் உப்பங்கழிகளையும் காடுகளையும் கடந்து, ஒரு மாதத்திற்கு மேலாக நடந்து அத்தலத்தை அடைவர். அவர்களுக்குப் பயிற்சியாளர் எவரும் இலர். நேரத்தைக் குறிப்பாரும், பரிசு அளிப்பாரும் இலர். ஆயினும் முதியோரும் பெண்டிரும் அந்நெடுவழியை நடந்து முடிக்கின்றனர். நாள்தோறும் தளராது செய்யும் சிறு முயற்சி எவ்வளவு தூரம் மனிதனைக் கொண்டு செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அச்செல்வச்சந்நிதிக்கு அணித்தே உள்ள வல்வெட்டித்துறைதான் நம் சரித்திர நாயகர் பிறந்த ஊர்.

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அவ்வூரார் தம் கையாற் கப்பல் கட்டித் தாமே அதனைச் செலுத்தியவர்கள். அங்குக் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்மரக் கப்பல் 1938-ஆம் வருஷம் அட்லாண்டிக் மாசமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. இத்தகைய ஊரில் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் 1943-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் நாள் பிறந்தார். அலையோசை கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு நீந்துதல் ஒரு வித்தையாகத் தோன்றுவதில்லை; நடத்தலைப்போல அதுவும் ஓர் இயற்கையாகவே அமைந்துவிடும்.

அவருக்கு வயது பத்து அல்லது பதினொன்று இருக்கும்போது, 1954-ஆம் வருஷத்தில், அண்டை ஊராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி என்பார் பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்து முதன்முதல் அப்புகழைப் பெற்றார். புதுவை மாநிலம் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கியதும் அதே வருஷந்தான். பின்னர் 1966-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வங்காளத்து வழக்கறிஞர் மிகிர் சென், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை இருபத்தைந்தரை மணி நேரத்தில் நீந்தினார். இவ்விருவரும் ஒரு கரையினின்று மறுகரையைச் சேர்ந்தவர்கள். சேர்ந்த கரையில் நில்லாமல் மீண்டும் திரும்பி வருதல் கூடுமா என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை கூறியவர் ஆனந்தன்.

ஆனந்தனும் வழக்கறிஞரே. விளையாட்டினால் வயிறு வளர்த்தவர் அல்லர். நீதிமன்றத்திற்குரிய உடையும் நூலும் ஒருபுறமிருக்க, மற்றொருபுறம் தம் தேகத்தையே ஒரு நூலாக வைத்து ஓதியவர். இத்தகையோர்க்கு உள்ள இடர் யாதெனில், மாணாக்கனும் ஆசிரியனும் ஒருவரே ஆதல். வேறோர் ஆசிரியர் இருப்பின், சோம்பும்போது ஊக்குவார்; மிஞ்சும்போது தடுப்பார். தனக்குத் தானே ஆசிரியனானவன் இவ்விரண்டையும் தன்னுள்ளேயே கொள்ளுதல் வேண்டும்.

இது சொல்வதற்கு எளிது. நாமும் சில நண்பர்களும் முன்னொரு காலத்தில், வைகறையில் கதிர்காமத்திலிருந்து கடற்கரையிலுள்ள காந்தியார் சிலை வரை ஓடத் தொடங்கினோம். தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முதல் நாள் உற்சாகத்தில் அம்பென ஓடிச் சிலையடியில் அமர்ந்தோம். பின்பு வீடு திரும்பக் கால்கள் இசையவில்லை. ஒரு வாரத்திற்குள் முழங்காலும் கணைக்காலும் வீங்கி, ஒவ்வொருவராகப் படுக்கையில் கிடந்தோம். போகும் வழியைக் கணக்கிட்டவர்கள், வரும் வழியைக் கணக்கிட மறந்தோம். தேகப்பயிற்சி நூல்கள் கூறுவது பிற்பாடே விளங்கிற்று. மெதுவாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், பன்னாள் பயிலப் பயில, இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தக் கற்கும். தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். சேமித்த கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கும் திறம் வளரும். தசைநார்களும் எலும்புகளும் இவற்றினும் தாமதமாகவே வலுப்பெறும். ஆதலின் ஓய்வும் பயிற்சியின் ஒரு பாகமே. அவசரப்படுவோனுக்குத் தேகம் வசப்படுவதில்லை.

நிற்க. 1971-ஆம் வருஷம் ஆனந்தன் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கினார். எதிரே தெற்றெனத் தோன்றாத தூரத்தில் கோடிக்கரை; இடையே 50 கிலோமீட்டருக்குக் குறையாத நீர்ப்பரப்பு. பாக் ஜலசந்தி ஆழமற்றது எனினும் எளியதன்று. நீரோட்டம் நேர்வழியே செல்ல விடாது. ஒரு பக்கம் தள்ளப்படுவோன் மேலும் பல மைல்களை நீந்தியே ஈடு செய்தல் வேண்டும். சொறிமீன்கள் தீண்டி உடல் எரியும். உப்புநீர் உதட்டையும் நாவையும் தடிக்கச் செய்யும். உடன் வரும் தோணியிலிருந்து உணவை நீட்டுவர்; ஆயின் தோணியைத் தொடுதல் ஆகாது என்பது நெடுநீச்சலின் விதி. களைத்தவன் கைக்கெட்டும் தூரத்தில் மரப்பலகை மிதந்துகொண்டே வரும். அதனைப் பற்றாதிருத்தலே அவன் விரதம்.

இவ்வாறு நீந்திக் கோடிக்கரையை அடைந்த ஆனந்தன் வந்த கடலுக்கே மீண்டார். இவ்விடத்தில் நேயர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம். பாதங்கள் தரையில் படியும் சுகத்தை அடைந்தவனுக்கு, மீண்டும் அலைக்குள் செல்லுதல் முதன்முறை இறங்குவதைப் போன்றதன்று. முதன்முறை இறங்குவோனுக்கு முன்னுள்ள துன்பம் தெரியாது. இவருக்கோ ஒவ்வொரு மைலும் தெரியும். கோடிக்கரையோடு நின்றிருப்பினும் ஜலசந்தியைக் கடந்தோர் வரிசையில் அவர் பெயர் இருந்திருக்கும். அவர் நிற்கவில்லை. இரவுகளையும் பகல்களையும் நீரிலேயே கழித்து, மொத்தம் 51 மணி நேரத்தில் சென்று மீண்டு தம் ஊர்க்கரையை அடைந்தார். அதுமுதல் அவரைத் தமிழ் மக்கள் ஆழிக்குமரன் என்று அழைப்பாராயினர்.

இவ்வளவோடு அமைந்தாரல்லர். தாம் வல்லவரான ஒன்றிலேயே நில்லாமல் புதிய புதிய பயிற்சிகளில் இறங்குதல் அவர் வழக்கமாயிற்று. 1979-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை, கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி, 187 மணி 28 நிமிஷம் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். ஏழு நாட்களும் பத்தொன்பது மணி நேரமும் என்று கணக்கிட்டால் அதன் அளவு விளங்கும். கடலை நீந்துவோனுக்கு மறுகரை என்னும் ஓர் எல்லையேனும் உண்டு. பூங்காவைச் சுற்றுவோனுக்கு அதுவும் இல்லை. புறப்பட்ட இடத்திற்கே மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டு, உறக்கத்தோடு ஒரு வாரம் போராடுதல் எத்தகைய பொறுமை!

மறு வருஷம், 1980 மே மாதத்தில், ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய காலை நின்ற காலின்மேல் ஊன்றலாகாது, எதனையும் பற்றிக்கொள்ளலாகாது. இவ்வித்தைக்குப் பாடநூலும் இல்லை, ஆசிரியரும் இலர். பழங்கதைகளில் தவசிகள் செய்ததாகக் கேட்டதை ஒரு வழக்கறிஞர் கடிகாரத்தை முன்வைத்துச் செய்தார். 1981-இல் சென்னைக்கு வந்து, மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில், எதனையும் பற்றாமல் நீரில் நிமிர்ந்தபடி 80 மணி நேரம் மிதந்தார். இச்செயல்கள் கின்னஸ் சாதனை நூலில் இடம் பெற்றன. சாதனை என்பது நிலையான உடைமையன்று. ஒற்றைக்கால் நிலையில் அவர் நாட்டிய எல்லையை 1982-ஆம் வருஷத்திலேயே நம் சத்தியமங்கலத்தினர் ஒருவர் 34 மணி நேரம் நின்று கடந்தார். உறக்கத்தைத் துறக்கும் போட்டி உடலுக்குக் கேடு என்று கண்டு, விழித்திருக்கும் சாதனைகளைக் கின்னஸ் நூலாரும் பிற்காலத்தில் ஏற்காது விடுத்தனர்.

இனி அவர் முடிவைக் கூறவேண்டும். நெடுநீச்சலில் புகழ் விரும்பும் யாவருக்கும் இங்கிலீஷ் கால்வாய் ஒரு தேர்வுக்களம். 1875-ஆம் வருஷம் காப்டன் வெப் 21 மணி 45 நிமிஷத்தில் அதனை நீந்திக் கடந்த நாள் முதல், உலகின் பல பாகங்களிலிருந்தும் நீச்சல் வீரர் அங்கே சென்ற வண்ணமிருக்கின்றனர். அக்கால்வாயின் குறுகிய இடம் ஏறக்குறைய 34 கிலோமீட்டர்தான். தூரத்தை மாத்திரம் நோக்கின், ஜலசந்தியைப் போக்குவரவாக நீந்தியவர்க்கு அஃது ஒரு பொருட்டன்று. ஆயின் கடலுக்குத் தூரம் மாத்திரமே குணமன்று. நம் கடலின் நீர் பெரும்பாலும் 28 பாகை வெப்பமுடையது. கால்வாயின் நீர் ஆகஸ்டு மாதத்திலும் 16 முதல் 18 பாகைதான். காற்றைவிட நீர் பன்மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கவர்ந்துகொள்ளும். குளிர் முதலில் விரல்களையும், பின் தோள்களையும், இறுதியில் அறிவையும் மந்தமாக்கும். திரும்புவதா, தொடர்வதா என்று தீர்மானிக்க வேண்டிய அறிவே முதலில் தளருமாயின், எஞ்சியிருக்கும் மனவுறுதியே பகையாக முடிதலும் கூடும்.

1984-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள், அக்கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. அதற்கு முந்திய வருஷந்தான் அவர் நாட்டில் பெருங்கலகம் மூண்டு, அவர் நீந்திய பாக் ஜலசந்தியே அகதிகள் தோணியேறிக் கடக்கும் துயரக் கடலாக மாறத் தொடங்கிற்று. ஒரு மனிதன் தன் கைகளால் இருமுறை தைத்து இணைத்த இரு கரைகள், அவர் மறையும் காலத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரமாகிவிட்டன.

அவருடைய முடிவைக் குறித்து இருவேறு விதமாகப் பேசுதல் இயல்பே. வீண் புகழுக்காக அருமையான உயிரை இழந்தார் என்பர் சிலர். வீரனுக்குரிய மரணம் என்பர் வேறு சிலர். நாம் இவ்விரு கட்சியிலும் சேர விரும்பவில்லை. காப்டன் வெப்பும் 1883-ஆம் வருஷம் நயாகரா நதியின் சுழலை நீந்த முயன்று மாண்டவரே. எல்லையை நாடுவோர் எல்லையில் மடிதல் உலகத்து நிகழ்ச்சி. அதனை இகழ்தலும் தகாது. மாணவர்க்கு அதனையே இலட்சியமாகக் காட்டுதலும் தகாது. ஆனந்தனிடமிருந்து நாம் கற்கத்தக்கது அவர் மரணமன்று. 1971-இல் கோடிக்கரையில் அவர் செய்த திரும்புதல். எடுத்த காரியத்தின் பாதியில் கிடைத்த புகழைக் கண்டு நில்லாமல், தொடங்கிய கரையை மீண்டும் அடையும்வரை உழைத்தாரன்றோ, அதுவே அவர் வாழ்வின் சிகரம். தேகத்தைப் பயிற்றுவோன் இரண்டு பாடங்களைக் கற்றல் வேண்டும். தளர்ச்சி வந்தபோது நில்லாமை ஒன்று. ஆபத்து வந்தபோது திரும்புதல் மற்றொன்று. முன்னதைத் தனியாகவே கற்கலாம். பின்னதைக் கற்பதற்குப் பக்கத்தில் ஒரு நல்ல நண்பன் வேண்டும். அவன் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பணிவும் வேண்டும்.

இப்பொழுதும் வைகறையில் நம் கதிர்காமத்து வீதிகளில் இளைஞர் சிலர் கடற்கரை நோக்கி ஓடுதலைக் காண்கிறோம். அவர்களுள் நம் கல்லூரி மாணவரும் உளர். கடல் கண்ணிற்பட்டதும் தூரம் முடிந்ததென்று எண்ணற்க, அது பாதிதான். மறுபாதிக்கு வேண்டிய வலிமையை மிச்சம் வைத்து ஓடுமின். வெயிலேறுமுன் வீடு திரும்பி, குளித்து உண்டு, நூலைக் கையிலெடுத்து வகுப்பில் வந்தமரும் மாணவனே அன்றைய ஓட்டத்தை முடித்தவனாவான்.